நடாத மரங்களின் பூக்காலம்

அழிஞ்சில் பூத்திருப்பதை முதலில் மூக்குதான் சொல்லும். மாசி மாதக் காலையில், வெயில் ஏறுவதற்குள், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் உட்பாதை எதிலாவது நடந்து பாருங்கள். இனிப்பான மணம் ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போகும். சுற்றிலும் பார்த்தால் மொட்டை மரங்கள்தான். இன்னொரு முறை உற்றுப் பார்க்கும்போதுதான், காய்ந்த முள் என்று ஒதுக்கிய கிளையின் நெடுகிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருப்பது தெரியும்.

அருகில் போய்விட வேண்டும். தள்ளி நின்று ரசிக்க அழிஞ்சிலில் ஒன்றும் இல்லை. மொட்டு ஒல்லியானது, நீளமானது, மேலே மெல்லிய பூனைமுடி. மலரும்போது இதழ்கள் நுனியிலிருந்து பிரியும். பிரிந்தவை விரிந்து நிற்காமல் பின்னோக்கிச் சுருண்டு காம்புப் பக்கம் போய்விடும். முன்னால் மிஞ்சுவது மகரந்தத் தாள்களின் கொத்தும், நடுவே ஒற்றைச் சூல்தண்டும். மற்றப் பூக்களில் நாம் அழகு என்று பார்ப்பது பெரும்பாலும் இதழை. இங்கே இதழ் ஒதுங்கிக்கொண்டு தாள்களுக்கு இடம் விட்டிருக்கிறது. வெள்ளையும் சுத்த வெள்ளை அல்ல. இளம்பச்சை கலந்து தொடங்கி, வாடும் முன் வெண்ணெய் நிறத்துக்கு இறங்கும். ஒரே கிளையில் நேற்றைய பூவும் இன்றைய பூவும் நாளைய மொட்டும் சேர்ந்திருப்பதால் மரம் முழுவதும் ஒரே வெள்ளையாகக் கண்ணைப் பறிப்பதில்லை. அந்த மங்கல்தான் எனக்குப் பிடித்தது.

இந்த மரத்தின் விதை கீழே விழுந்தாலும் நகர்ந்து வந்து தாய்மரத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஏறழிஞ்சில் என்று தனிப்பெயரே இருக்கிறது. பக்தி எப்படிப்பட்டது என்று உவமைகளை அடுக்கும் சிவானந்தலகரிச் செய்யுள் ஒன்று இந்த விதையில்தான் தொடங்குகிறது. நடப்பில், பழத்தைக் கொண்டைக்குருவி தின்றுவிட்டு விதையை வேறெங்கோ போட்டுவிடுகிறது. உவமைக்கு அது உதவாது, காட்டுக்கு உதவுகிறது.

நம் ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் பிறப்பது சித்திரையில். இந்தக் கடற்கரைச் சமவெளியின் மரங்கள் அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. சென்னைப் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். மாசியில் மேல்மண் காய்ந்து கிடக்கும். இலை வழியே நீர் வீணாகாமல் இருக்க மரம் இலையை உதிர்க்கிறது. மறைக்க இலை இல்லாத கிளையில் பூத்தால் தேனீக்கும் தேன்சிட்டுக்கும் தேடும் வேலை இல்லை. கோடையில் காய் முற்றிப் பழுத்தால் விதை விழுவதும் மழை வருவதும் ஒட்டி ஒட்டி அமையும்.

இங்கிலாந்தின் பெரிய வனத்தோட்டங்களில் மக்னோலியா பூப்பதும் மொட்டைக் கிளையில்தான். அங்கே இலையைக் கழற்றியது குளிர், இங்கே வறட்சி. ஜப்பானியச் செர்ரி மரங்களைப் பார்க்க விமானம் ஏறுபவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். 1912இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அன்பளிப்பாகத் தந்த செர்ரி மரங்களை ஒட்டி அங்கே ஆண்டுதோறும் திருவிழாவே நடக்கிறது. போகட்டும். பார்த்து வரட்டும். கிறித்தவக் கல்லூரி இருக்கும் சேலையூரில் அதே மாதங்களில் இலையில்லாக் கிளை பூக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டு இங்கே வந்தபோது இந்த இடம் சேலையூர்க் காட்டின் ஒரு துண்டு. இன்று வளாகம் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் தேடித் தேடி இங்கே மரங்களை நட்டார்கள். பார்ன்ஸ் சோதனைச்சாலையோடு நின்றவர் அல்ல. தென்னிந்திய மலைகளில் செடி தேடி அலைந்தவர். அரிசீமா இனச் செடி ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர்கள் நட்ட மரங்களின் நிழலில்தான் பல தலைமுறை மாணவர்கள் நடந்தார்கள். எனக்கு அந்த நிழல்மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாசி, பங்குனியில் இந்த வளாகத்தின் தனி அழகு யாரும் நடாதவற்றிடம்தான் இருக்கிறது. பழைய முட்காட்டை முழுதாக வழித்தெடுக்காமல் விட்டதுதான் இங்கே நடந்த சிறந்த தோட்ட வேலை.

களாவைப் பாருங்கள். இடுப்புயரப் புதர், எங்கு தொட்டாலும் முள். அந்த முட்களுக்கு நடுவே ஐந்து கூர் இதழோடு சின்ன வெள்ளைப் பூ. இதழ்கள் ஒரே பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கும், யாரோ பிடித்து லேசாகத் திருகிவிட்ட மாதிரி. மல்லிகையின் மணம், ஆனால் மல்லிகையின் கனம் இல்லை. பறிக்கலாம் என்று கை நீண்டால் முள் தடுக்கும். முள்ளைத் தாண்டினால் பால் ஒட்டும். பள்ளி வாசலில் உப்புத் தூவிக் களாக்காய் வாங்கித் தின்றவர்கள் நம்மில் நிறையப் பேர். அதன் பூவை முகர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

உசில் இன்னொன்று. இதன் இலையைக் காயவைத்து இடித்ததுதான் தலைக்குத் தேய்க்கிற அரப்பு. கரிய முறுக்கேறிய கிளைகளில் இலை துளிர்க்கும் முன்பே உருண்டை உருண்டையாகப் பூ வைக்கும். ஒவ்வொரு உருண்டையும் பல பூக்களின் கூட்டம்; வெளியே நிற்பவை இளஞ்சிவப்பு ஓடிய வெண்தாள்கள். இங்கும் இதழுக்கு வேலை இல்லை. காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது ஒவ்வொரு உருண்டைக்கும் ஓர் ஒளி விளிம்பு கிடைக்கும். பத்து மணிக்கு மேல் போனால் அது இல்லை, வெறும் தூசி படிந்த மரம்தான்.

மாவிலங்கத்தை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஓடையோரமும் ஏரிக்கரையும் கோயில் குளமும் அதற்கு இடம். பங்குனியில் அது ஒரேயடியாகப் பூத்துவிடும். கூடவே மும்மூன்றாகப் பிரிந்த இளந்தளிரும் வரும். வில்வம் என்று ஏமாறுபவர்கள் உண்டு. பூவுக்கு நான்கு இதழ்கள். ஒவ்வொன்றும் அடியில் மெலிந்த தண்டும் மேலே அகன்ற தகடுமாக இருக்கும். மற்ற மொட்டுகளில் இதழ்கள் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டு உள்ளிருப்பதை மூடும். மாவிலங்க மொட்டில் அந்த மறைப்பே கிடையாது. இதழ் வளரும்போதே திறந்த நிலையில்தான் வளர்கிறது. உள்ளே தாள்கள் சுருண்டு கிடப்பது அப்போதே தெரியும். அவை நீண்டு வெளிவரும்போது ஊதா நிறம். வெள்ளையாகத் தொடங்கும் இதழ் ஓரிரு நாளில் மஞ்சளுக்கு மாறுவதால் கொத்துக்குள் வெள்ளை, மஞ்சள், ஊதா மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் சூலகம் தனக்கென்று ஒரு நீண்ட காம்பு வைத்துக்கொண்டு தாள்களுக்கு இணையாக எட்டி நிற்கும். இவ்வளவு வெளிப்படையான பூவை நான் வேறு பார்த்ததில்லை.

வேப்பம்பூ, கொன்றை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவை சித்திரைப் புத்தாண்டுத் தட்டுக்கே வந்து சேர்ந்துவிடும்.

கோவிலம்பாக்கத்தில் இருப்பவனுக்கு இதற்கெல்லாம் சேலையூர் வரை போக வேண்டுமா என்றால், பாதிதான் போக வேண்டும். எங்கள் தெருக்களில் புங்கம் இருக்கிறது. பங்குனியில் பழைய இலை உதிர்ந்து, எண்ணெய் தடவிய பளபளப்போடு புதுத்தளிர் வந்து, அதன் அடியில் ஒளிந்துகொண்டு பூக்கும். வெண்மையில் இளஞ்சிவப்பு தோய்ந்த பூ. அதைத் தாங்குவது பழுப்பு நிறக் குட்டிக் கிண்ணம். இது மரத்தில் பார்க்கிற பூ அல்ல, தரையில் பார்க்கிற பூ. சங்கப் புலவர்கள் பொரியோடு ஒப்பிட்டதும் உதிர்ந்து கிடக்கும் புங்கம்பூவைத்தான். காலை ஆறரைக்குக் குப்பை வண்டிக்கு முன்னால் எழுந்தால் தெருவே உங்களுடையது. அதன்பின் துடைப்பம் வந்துவிடும்.

இந்தப் பக்கம் புதிய குடியிருப்பு வாசல்களில் இப்போது இளஞ்சிவப்பு டபேபுயாவை வரிசையாக நடுகிறார்கள். அழகில்லை என்று சொல்ல மாட்டேன். காரில் போகிறவருக்குப் பொருத்தமான பூ. நின்று பார்ப்பவருக்கு அதில் முதல் பார்வைக்குப் பிறகு புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அதே இடத்தில் ஒரு மாவிலங்கம் வைத்திருக்கலாம் என்பது என் வழக்கு. மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபி வரும்போது மூலையில் நிற்கும் முட்செடி களாவா அழிஞ்சிலா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள்.

கல்லூரி வளாகத்துக்குள் போக அனுமதி வேண்டும். மேடவாக்கம் பக்கத்து நன்மங்கலம் காப்புக்காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போக அவர்களைக் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் சீட்டு வாங்கிக்கொண்டு புதர்க்காட்டைப் பார்க்க வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. எல்லோரும் புலியைப் பார்க்க விரைவார்கள். நீங்கள் பாதையோர மொட்டைக் கிளைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வாருங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள்.