ஊரை விட்டவருக்கே ஊர்ப்பெயர்

1896-இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்த ஓர் இளைஞர் யாரோடும் பேசாமல் இருந்தார். ஊர், பேர் கேட்டு ஓர் அன்பர் விடாமல் வற்புறுத்தவே, 'வெங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டினார். அது எந்த ஊர் என்று கேட்டவருக்கு விளங்கவில்லை. இளைஞர் பெரியபுராணத்தை எடுத்து, அதில் திருச்சுழி வரும் இடத்தைச் சுட்டினார். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தவர் அவர். 1879-இல் பிறந்த மண்ணில் அவர் வெறும் வெங்கடராமன்தான். அங்கே எல்லாருக்கும் ஊர் திருச்சுழியே. அதைச் சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. ஊரை விட்ட பிறகே பெயருக்கு ஊர் தேவைப்பட்டது.

உலகெங்கும் ஊர்ப்பெயர் ஆட்பெயராவது பெரும்பாலும் இப்படித்தான். செக் நாட்டில் ப்ரஷாக் என்றொரு குடும்பப்பெயர் உண்டு. பிராக் நகரத்தான் என்று பொருள். பிராகுக்குள் எல்லாரும் ப்ரஷாக்கே. வேற்றூரில் குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டியது. மொராவியாவிலிருந்து வந்தவன் மொரவெட்ஸ் ஆனான். அங்கே இன்னொரு வழியும் இருந்தது. ரோஷ்ம்பெர்க் கோட்டையை ஆண்ட பிரபுக்கள் அந்தக் கோட்டையின் பெயராலேயே அறியப்பட்டார்கள். ஊரை உடையவன், ஊரை விட்டவன் என இருவருக்கும் ஊர்ப்பெயர் வாய்த்தது.

தமிழிலும் இவ்விரண்டு வழிகளும் பழையவை. தொல்காப்பியப் பெயரியல் உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்தும்போது நிலப்பெயரையும் உடைப்பெயரையும் சேர்த்தே சொல்கிறது. சங்கப் புலவர்களில் கோவூர் கிழார், ஆவூர் மூலங்கிழார் ஆகியோர் பெயரில் உள்ள 'கிழார்', ஊரில் உரிமை கொண்டவரைக் குறிக்கும். சோழர் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயரோடு 'உடையான்' சேர்ந்த பெயர்கள் ஏராளம். நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு அவற்றைத் திரட்டித் தந்தது. நிலவுடைமையின் வரலாற்றை ஆட்பெயர்கள் வழியே படிக்க அதன் பிறகு வழி பிறந்தது.

விட்டவர் வரிசையும் நீளமானது. திருச்சுழியலைப் பாடிய சுந்தரர் தம்மை நாவலூரன், ஆரூரன் என்றே சொல்லிக்கொண்டவர். அருப்புக்கோட்டைத் தொகுதி 1977-இல் தேர்ந்தெடுத்து முதலமைச்சராக்கிய எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர், ஆனாலும் குடும்ப வழி வந்த மருதூர் அவர் முதலெழுத்தில் நின்றது. கரிசல்காட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு 'இண்டி பேரு' என்னும் வீட்டுப்பெயர் உண்டு. அவற்றில் பல, தலைமுறைகளுக்கு முன் விட்டு வந்த ஊர்களின் பெயர்கள். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் அதன் பெயரைச் சுமக்கிறார்கள்.

ஊரை விட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதை ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வாக்கப்பட்டு வந்தவளுக்குப் பிறந்த ஊரே பெயர். சம வயதுக்காரர்களுக்கு ஒருத்தி நரிக்குடிக்காரி. கொழுந்தன்மாருக்கு இன்னொருத்தி பந்தல்குடி மதினி. பிள்ளைகளுக்கு மற்றொருத்தி கல்லூரணிச் சித்தி. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெயர் மாறுவதில்லை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். ஒரு தெருவின் பெண்களை இப்படி அழைக்கும் பெயர்களால் வரிசைப்படுத்தினால், அந்தத் தெரு எந்தெந்த ஊர்களோடு கொண்டு கொடுத்தது என்ற வரைபடமே கிடைத்துவிடும். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரில் ஊர் நின்றது. ஏட்டில் ஏறியதால் நமக்கும் கிடைத்தது. நரிக்குடிக்காரியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆண்களின் பெயரிலும் ஊர் மெல்ல உதிர்கிறது. 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அது பெருமைக்குரிய இழப்பு. ஊரை இழந்ததற்கு அப்படி ஒரு கொள்கையும் காரணமில்லை. இரண்டு முதலெழுத்தில் ஊரும் தகப்பனாரும் நின்ற இடத்தில், விண்ணப்பப் படிவத்தின் கட்டம் தகப்பனாரை மட்டும் கேட்டது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரே குடும்பப்பெயராகவும் ஆகிவிடுகிறது.

ஊர்ப்பெயர் ஆய்வில் நாம் ஏழைகள் அல்ல. ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' முதல் கி. நாச்சிமுத்துவின் இடப்பெயராய்வு வரை வலுவான மரபு இருக்கிறது. ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்று அந்த மரபு கேட்டது. ஊரின் பெயர் ஆளுக்கு எப்படி வந்தது என்பதையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும். இதற்குக் கல்வெட்டுப் படி எடுக்க வேண்டியதில்லை. தமிழ் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் உள்ள மூத்த பெண்களை அழைக்கும் பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்டு வந்த ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். அந்தப் பெயர்களைச் சொல்லி அழைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது. இப்போதே கேட்டு எழுதுங்கள்.