'முன்னாய்வு இல்லை' என்னும் கூற்றும் தேடுமுறையும்: செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வை முன்வைத்து

முன்னுரை

வட்டார நலவாழ்வு குறித்த ஆய்வேடுகளில் 'இப்பகுதியில் முன்னாய்வுகள் இல்லை' என்னும் கூற்று எளிதில் இடம்பெற்றுவிடுகிறது. பப்மெட் போன்ற மருத்துவத் தரவுத்தளத்தில் நிகழ்த்திய தேடலே அதற்குச் சான்றாக நிற்கிறது. ஆனால் அத்தேடலில் இட்ட சொற்களும் குறிகளும் தரப்படாதபோது, இன்மை ஆய்வினுடையதா தேடலினுடையதா என்று சரிபார்க்க இயலாது. திருநின்றவூர் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தைக் கொண்டு இக்குறையை இக்கட்டுரை சுட்டுகிறது.

ஊர்ப்பெயரும் தேடலும்

காசநோய்த் தடுப்பூசி ஆய்வுகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றான பி.சி.ஜி. கள ஆய்வு, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. அம்மாவட்டப் பரப்பிலிருந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். 1979இலும் 1999இலும் வெளியான அறிக்கைகளின் தலைப்புகளில் 'தென்னிந்தியா' என்றே உள்ளது. எனவே, திருவள்ளூரின் ஆங்கில வடிவைக் குறுக்கி நட்சத்திரக் குறியிட்டுத் தேடினாலும் அத்தலைப்புகளை எட்ட முடியாது. சொல்லீற்று வேறுபாட்டை ஈடுசெய்யும் குறி, பெயர் மாற்றத்தை ஈடுசெய்யாது.

குறுக்கத்தின் இருமுகம்

சொல்லைக் குறுக்கினால் முடிவுகள் பெருகும் என்பது பொதுக் கருத்து. 'வாக்சின்' என்பதன் ஆங்கில வடிவை ஈற்றெழுத்தின்றிக் குறுக்கித் தேடினால், தடுப்பூசி, தடுப்பூசியிடல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடு 'வாக்சினியா' என்னும் வைரசின் பெயரும் வரும். அதேவேளை, முழுச்சொல்லை உரிய மருத்துவப் பொருட்தலைப்போடு பப்மெட் தானாக இணைக்கும் வசதி, நட்சத்திரக் குறி இட்டவுடன் நின்றுவிடும். வேண்டாதன வருவதும் வேண்டியன விடுபடுவதும் ஒரே குறியால் நிகழ்கின்றன. முடிவுகளின் எண்ணிக்கை மட்டும் தேடலின் தரத்தைக் காட்டாது என்பதற்கு இதுவே காரணம்.

இணைப்புச்சொற்களின் வரிசை

'காசநோய் மற்றும் செங்கல்பட்டு அல்லது திருவள்ளூர் அல்லது தென்னிந்தியா' என்னும் பொருளில், அடைப்புக்குறியின்றித் தேடுவதாகக் கொள்வோம். பப்மெட் இணைப்புச்சொற்களை இடமிருந்து வலமாகவே செயற்படுத்தும். ஆதலால் காசநோய் என்னும் வரையறை செங்கல்பட்டோடு முடிந்துவிடும். தென்னிந்தியா பற்றிய பிற நோய் ஆய்வுகளும் முடிவில் சேரும். இடப்பெயர் மூன்றையும் 'அல்லது' கொண்டு ஓர் அடைப்புக்குறிக்குள் தொகுத்து, அத்தொகுதியைக் காசநோயோடு 'மற்றும்' கொண்டு இணைப்பதே பொருந்தும்.

முடிவுரை

பழைய பெயர், புதிய பெயர், பரந்த நிலப்பெயர் ஆகியவற்றைப் பட்டியலிட்டுத் தேடுதல், பொருட்தலைப்பையும் குறுக்கிய சொல்லையும் தனித்தனியே இட்டு 'அல்லது' கொண்டு இணைத்தல் ஆகிய இரண்டும் குறைந்தளவுத் தேவைகள். முழுத் தேடற்றொடரையும் தேடிய நாளையும் தர வேண்டும் என 2021இல் வெளியான பிரிஸ்மா-எஸ் நெறிமுறை வலியுறுத்துகிறது. தமிழ் ஆய்வேடுகளின் பின்னிணைப்பிலும் அவை இடம்பெறல் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது நெறியாளர், தேர்வாளர் கடமையுமாகும்.