ஃபேடருக்கு முன்னா, பின்னா?

“லேப்டாப்பத் தொறந்து வச்சிக்கினு தலைய ஆட்டிக்கினு நிக்கிறான். இதுல இன்னா மாமே இருக்குது?”

வடசென்னை விம்கோ நகரில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் பாக்கியில்லை. மச்சான் கேட்டுவிட்டான், டீக்கடைக்காரர் கேட்டுவிட்டார், ஷிஃப்ட் முடிந்து வரும் நண்பர்கள் வாரம் ஒருமுறை கேட்கிறார்கள். கேட்பவர்கள் காது கெட்டவர்களாக இருந்தால் எனக்கு எரிச்சலே வராது. ஆடி மாதத்து மெல்லிசைக் கச்சேரியில் ரிதம் பேடுக்காரர் ஒரு தட்டு தவறவிட்டால் கடைசி வரிசையிலிருந்து கூச்சல் போடுகிற ஆட்கள்தான் இவர்கள். சாவு வீட்டு கானாவில் பாடகர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று மறுநாள் சொல்லக்கூடியவர்கள். இவ்வளவு காதை வைத்துக்கொண்டு, மேடையில் நடக்கும் எலெக்ட்ரானிக் இசைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறார்கள். காதை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எஃபெக்டில் வையுங்கள். எந்தச் சத்தம் எந்த எஃபெக்டுக்குள் எப்போது போகிறது என்பதில் வையுங்கள்.

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். மேடையில் இருப்பவரிடம் எட்டோ பத்தோ ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் கிக், ஒன்றில் பேஸ், ஒன்றில் கைதட்டல், ஒன்றில் யாரோ பாடிய நாலு சொல். ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்க ஒரு ஃபேடர். எக்கோ, ரிவெர்ப் போன்ற எஃபெக்டுகளை இதில் சேர்க்க இரண்டு வழி. ஒன்று இன்சர்ட். மீனில் மசாலா தடவி ஊறவைக்கிற மாதிரி. தடவியபின் மசாலா இல்லாத மீன் கிடையாது. இன்னொன்று செண்ட். மிக்சரில் ஆக்ஸ் என்று எழுதியிருக்கும் குமிழ். இது சீட்டு கட்டுகிற மாதிரி. சம்பளம் வீட்டுக்குப் போய்விடும், ஒரு பங்கு மட்டும் பொதுச் சீட்டுக்கு. கிக் பத்து ரூபாய் கட்டும், குரல் ஐம்பது கட்டும், பேஸ் நயாபைசா தராது. எல்லாப் பங்கும் ஒரே எக்கோவுக்குள் போய், ரிட்டர்ன் வழியாகத் திரும்பி வந்து, மூலச் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். பத்து ட்ராக்குக்குப் பத்து எக்கோ தேவையில்லை. எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியும் கேட்கும்.

பாடம் அவ்வளவுதான். மேடையில் நிற்பவர் ஒரு சுரம்கூடப் புதிதாக வாசிக்காமல் இருக்கலாம். யார் எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் தீர்மானித்துக்கொண்டே இருக்கிறார். அவருடைய வாசிப்பு அதுதான்.

எக்கோ என்றால் என்ன என்று விம்கோ நகர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்தில், கூழ் ஊற்றும் வாரம் முழுக்க நாங்கள் அதற்குள்தான் குடியிருந்தோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். கம்பத்துக்குக் கம்பம் 34 மீட்டர் என்று வைத்தால் அடுத்த குழாயின் சத்தம் பத்தில் ஒரு நொடி தாமதித்து வரும். ஐந்து கம்பம் தள்ளியிருக்கும் குழாய்க்கு அரை நொடி. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டில் அரை நொடி என்பது சரியாக ஒரு தட்டு! முதல் குழாயடியில் நின்றால், எல்.ஆர். ஈஸ்வரி பாடி முடித்த சொல் ஆறாவது குழாயிலிருந்து அடுத்த தட்டில் வந்து விழும். நடுவிலிருக்கும் டீக்கடைக்கு நடந்தால் அந்த இரண்டு குழாயும் ஒன்றாகிவிடும். டீயைக் குடித்துவிட்டு மேலே நடந்தால் முந்தியது பிந்தும், பிந்தியது முந்தும். டிலே குமிழைக் காலாலேயே திருகியவர்கள் நாங்கள். பாட்டின் வேகத்துக்கு எக்கோவைப் பூட்டுவது என்று இன்று மென்பொருள் விளம்பரங்களில் வருவது இதே சங்கதிதான்; கம்பம் நட்ட மின்வாரியத்துக்குத்தான் அது தெரியாது.

ஒரு சொந்தக் கதை. பத்தொன்பது வயதில் ஒரு சவுண்ட் சர்வீஸில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாருடையது என்பது வேண்டாம். திருவிழா இரவில் அம்மன் பாட்டுக்கு எக்கோவைத் தாராளமாக ஏற்றிவிட்டு, பாட்டு முடிந்ததும் இறக்க மறந்து, சுண்டல் வாங்கப் போய்விட்டேன். மைக் நன்கொடை அறிவிப்பவர் கைக்குப் போனது. “ஐநூத்தி ஒண்ணு… ஐநூத்தி ஒண்ணு… ஐநூத்தி ஒண்ணு…” கொடுத்த மனிதர் கூட்டத்திலிருந்து எழுந்து, “யோவ், நான் ஒரு தபாதான்யா குடுத்தேன்!” என்றார். முதலாளி என் தலையில் ஒன்று வைத்துச் சொன்னார்: “பாட்டுக்கு எக்கோ, பேச்சுக்கு மொட்டை. இதுகூடத் தெரியாதா?” ஒரே மைக், ஒரே எக்கோ, எப்போது அனுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிற்காலத்தில் நான் படித்த எந்தக் கையேடும் இதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

சரி, என் ஆசைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர் இதற்கு ஒரு பத்தி போதும் என்றார். போதாது.

சீட்டுப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறோம்? ஃபேடருக்குப் பின்னாலிருந்து எடுத்தால் அது போஸ்ட். பி.எஃப். பிடித்தம் மாதிரி, சம்பளத்தில் இத்தனை சதவீதம். சம்பளம் குறைந்தால் பிடித்தமும் குறையும், சம்பளமே இல்லையென்றால் பிடித்தமும் இல்லை. ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுத்தால் அது ப்ரீ. வீட்டுக்கு ஒரு ரூபாய் போகாவிட்டாலும் சீட்டுக்குப் போகவேண்டியது போய்க்கொண்டே இருக்கும். வேலை போன பிறகும் சீட்டு கட்டுகிற ஆசாமி எங்கள் தெருவில் உண்டு. அவர் வீட்டில் அடுப்பு எரியாது, ஏலத்தில் மட்டும் அவர் பெயர் ஒலிக்கும்.

இதைக் காதால் பிடிப்பது எப்படி? ஒரு குரல் ‘வா வா’ என்று திரும்பத் திரும்பப் பாடுகிறது என்று வையுங்கள். எக்கோவும் ஓடுகிறது. மேடையில் இருப்பவர் குரலின் ஃபேடரைச் சட்டென்று கீழே இழுக்கிறார். போஸ்ட் என்றால், கடைசியாக உள்ளே போன ‘வா’ மட்டும் நாலைந்து முறை சுற்றிச் சுற்றித் தேய்ந்து அணைந்துவிடும். புதிய ‘வா’ வராது. ஆள் வாசலைத் தாண்டிவிட்டார், செருப்புச் சத்தம் மட்டும் தெருக்கோடியில் கேட்கிறது. ப்ரீ என்றால் விஷயமே வேறு. கிட்டத்தில் கேட்ட குரல் காணாமல் போகும். ஆனால் புதிய ‘வா’க்கள் எக்கோவுக்குள் விழுந்துகொண்டே இருக்கும். பாடுகிறவர் பாடிக்கொண்டுதான் இருக்கிறார், நமக்கு அவருடைய நிழல் மட்டுமே வருகிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஃபேடரை மெல்ல ஏற்றினால் அந்தக் கிணற்றிலிருந்து முகம் மேலே வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் கையில் மயிர் சிலிர்க்கும்.

ஆக, சோதனை ஒரே கேள்விதான். ஆள் போன பிறகு புது அடி விழுகிறதா, பழைய அடியே தேய்கிறதா? தேய்ந்தால் போஸ்ட், விழுந்தால் ப்ரீ. இதைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டால் எதிரில் லேப்டாப் இருக்கிறதா, வீணை இருக்கிறதா என்பதே மறந்துபோகும். சின்ன மிக்சர்களில் எஃபெக்டுக்குப் போகும் ஆக்ஸ் பெரும்பாலும் போஸ்ட். பாடகரின் காலடி மானிட்டருக்குப் போவது ப்ரீ, வெளியே சத்தத்தைக் குறைத்தாலும் அவருக்கு அவர் குரல் கேட்டாக வேண்டுமே. பெரிய மிக்சரில் குமிழுக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன பட்டன் இருக்கும். ஏபிள்டன் லைவ் மென்பொருளில், ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ‘போஸ்ட்’ என்றிருக்கும் சிறு பொத்தானைத் தொட்டால் ‘ப்ரீ’ ஆகும். அதை ஒருமுறைகூடத் தொடாமல் மேடையேறுகிறவர்கள் ஏராளம். ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு ‘என் தனித்த ஒலி’ என்று பேட்டி கொடுப்பார்கள்.

இந்தக் கலையின் தாத்தா ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஆஸ்பர்ன் ரடக் என்பவர், ஊருக்குக் கிங் டப்பி. எங்கள் பக்கத்து மைக் செட்டுக்காரர்களைப் போலத் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கி ஆட்டம் நடத்தியவர். 1970களின் தொடக்கத்தில் ஒரு பழைய நாலு ட்ராக் மிக்சரை வாங்கி வீட்டுக்குள் வைத்தார். குளியலறைதான் குரல் பதியும் அறை. யாரோ வாசித்து முடித்த பாட்டை ஃபேடர் ஃபேடராக இறக்கி, ஒரு சொல்லை மட்டும் எக்கோவுக்குள் எறிந்து, மீதியை வெட்டி, ட்ரம்ஸையும் பேஸையும் வெறுமையில் நிறுத்தினார். டப் என்ற இசைவகை அப்படிப் பிறந்தது. ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ ஸோ’வை முதலில் கேளுங்கள். பிறகு அதே பாட்டை டப்பி பிரித்துப் போட்ட ‘கிங் டப்பி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ கேளுங்கள். பாடகரின் சொல் ஒவ்வொன்றும் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டு ஓடும். புதியவருக்கு என்னிடம் இருக்கும் முழுப் பாடத்திட்டமே இந்த இரண்டு பாட்டுதான். இன்னும் வேண்டும் என்பவர்கள் 1993-ல் பெர்லினில் தொடங்கிய பேசிக் சேனல் குழுவிடம் போகலாம். அங்கே பாட்டே கிடையாது, சீட்டுப் பணம் மட்டும்தான் சுற்றும்.

மேம்போக்கு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தப் பாட்டையும் ஒரே ஃபில்டரில் போட்டு ‘ஊஊ’ என்று உயர்த்தி, நிறுத்தி, ‘டம்’ என்று இறக்குவது. குழம்பை வடிகட்டியில் ஊற்றிவிட்டு சமையல் என்று சொல்வது மாதிரி. ட்ராக் ட்ராக்காக முடிவெடுக்கத் தைரியம் இல்லாதவர்களின் வேலை அது. அடுத்தது, தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் ரிவெர்ப்பில் முக்கிவைப்பது. அதை விமர்சகர்கள் ‘கனவுலகம்’, ‘அமானுஷ்யம்’ என்று எழுதுவார்கள். காலி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினாலும் அந்த அமானுஷ்யம் வரும், சார். இப்போதைய மோஸ்தர் ஒயர்க் காடு: பெட்டி நிறைய வண்ண வண்ண ஒயர்களைச் செருகி, கேமராவை அதன் மேல் வைப்பது. ஒயர் எங்கே போகிறது என்பது எனக்கு வேண்டாம், ஒலி எங்கே போகிறது என்று காட்டுங்கள்.

இன்னொரு கும்பல், இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்கள். 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார், நம் ஆட்கள் அதில் வாசித்தார்கள். 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை மிஷின் ரிதத்தில் ஓட்டி ஒரு இசைத்தட்டு போட்டார், அன்று சீந்துவாரில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, “கானாவுக்கு எதுக்கு கிடார்?” என்று கேட்ட வாய்கள்தான் இன்று “இசைக்கு எதுக்கு லேப்டாப்?” என்கின்றன.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே சொல்லவேண்டாம். இவ்வளவு பேசுகிற நானே முதல் ஆறேழு கச்சேரிகளில் கொட்டாவி விட்டேன். ஸ்பீக்கருக்கு எதிரே முதல் வரிசையில் நின்றதுதான் தப்பு. அங்கே நெஞ்சில் கிக் இடிக்கும், வேறொன்றும் காதில் ஏறாது. ஒருநாள் கூட்டம் தள்ளித் தள்ளி மிக்சர் பக்கம் ஒதுங்கினேன். வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் வலது கை தெரிந்தது. கைதட்டல் ட்ராக்கின் குமிழைப் பதினாறாவது தட்டில் மட்டும் ஒரு சிமிட்டு சிமிட்டி, உடனே பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பதினாறு தட்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு கைதட்டல் மட்டும் கூடம் முழுக்க ஓடி மறைந்தது. பிறகு ரிட்டர்னை அதனுள்ளேயே திருப்பி அனுப்பினாள். எக்கோ தன்னைத்தானே தின்று வளர்ந்து, ஊளையிடப் போகும் நொடியில் பிடித்து அடக்கினாள். சவுண்ட் சர்வீஸில் ஊளை வந்தால் அடி விழும். இவள் அதை வாசலில் நிறுத்தி வேடிக்கை காட்டுகிறாள்!

எங்கள் ஊருக்கு 2021-லிருந்து மெட்ரோ வருகிறது. விமான நிலையத்தில் ஏறினால் விம்கோ நகரில் இறங்கிவிடலாம், தூரம் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. ஆடியில் வாருங்கள். கூழ் குடித்த கையோடு, கச்சேரி மேடையை விட்டுவிட்டு மிக்சர்காரருக்கு இடது பின்பக்கம் நில்லுங்கள், வலது கை மறைக்காது. பாட்டு முடிந்து அறிவிப்பு தொடங்கும்போது அந்தக் கை எந்தக் குமிழுக்குப் போகிறது என்று பாருங்கள். அதுவரை அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.