ஊற்றை அடக்கும் வித்தை

முல்லைத்தீவுக் கரையோர மணலில் கிணறு இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்ட வெட்ட மணல் சரியும், ஊற்று ஏறும். சீமெந்து வளையத்தை வைத்து உள்ளே மண்ணை அள்ள அள்ள, அது தன் பாரத்திலேயே இறங்கும். பக்கத்தில் பம்ப் ஓயாமல் இறைக்கும். அது நின்றால் ஆளும் மேலே ஏறிவிட வேண்டும்.

இந்த வன்னி மண்ணில் நிலக்கரி இல்லை. ஆனால் இந்தக் கிணற்றடியில் நின்றவனுக்கு தமிழ்நாட்டு நெய்வேலிச் சுரங்கம் சட்டென்று விளங்கும். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலேயும் நீர், கீழேயும் நீர். மேல் நீரை வடித்துவிடலாம். கீழே மணற்படுகையில் அடைபட்டுக் கிடப்பதுதான் பொல்லாதது. மேல்மண்ணை அகற்றினால் பாரம் குறையும். அந்த நீர் அமுக்கத்தால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு பீறிடும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் வைத்து இரவு பகலாக இறைத்து அமுக்கத்தைத் தணிக்கிறார்கள். 1957இல் நேரு தொடக்கிவைத்த வேலை. கரியைத் தொட 1961 ஆனது.

எல்லோரும் அங்கே மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். என் கும்பிடு பம்புக்கே. இறைத்த நீர் அனல் மின் நிலையங்களுக்கும் பயன்படுகிறது. தங்கள் கிணறுகளில் நீர் இறங்கிப்போனதென்று சுற்றுவட்டார உழவர்கள் முறையிடுவதும் அங்கே பழைய கதை.