அறுபது விநாடிக் களம்

கணினியில் டாங்கிச் சண்டை என்றதும் வெடிச்சத்தமும், விசைப்பலகையை விடாமல் தட்டும் விரல்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது வேறு ரகம். அதில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தாலும் சுடுகிற நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் வேலியையும் பார்த்துக்கொண்டிருப்போம். இந்த மேட்டில் டாங்கியை நிறுத்தினால் எதிரே உள்ள சாலை தெரியுமா? சாலை நமக்குத் தெரிந்தால், அதற்கு அப்பால் உள்ள தோப்பிலிருந்து நாம் தெரிவோமா? டாங்கிப் போரின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அவற்றையே ஆட்டமாக்கிய ஒரு விளையாட்டை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரசித்துவருகிறேன்.

போரை மேசைமேல் விளையாடுவது பழைய பழக்கம். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த முறையைச் செம்மைப்படுத்தி 1824இல் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ விதிகளை வெளியிட்டார். இரு தரப்பும் தனித்தனியே கட்டளை தரும். நடுவர் அதை வரைபடத்தில் நிறைவேற்றுவார். சேதம் எவ்வளவு என்பதைப் பகடை சொல்லும். எதிரியின் படை பார்வைக்கு எட்டினால்தான் அதற்கான கட்டை வரைபடத்துக்கே வரும். சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். போர்க்களத்தில் அப்படி இல்லை என்பதை விதியாகவே எழுதிவைத்தார் ரைஸ்விட்ஸ்.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பாடத்தைப் பாதி மறந்தார்கள். அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் 1970இல் வெளியிட்ட ‘பான்சர்பிளிட்ஸ்’, ஜிம் டன்னிகன் வடிவமைத்தது. டாங்கிகளை அறுகோணக் கட்டங்களுக்குள் கொண்டுவந்த முன்னோடி. ஆனால் அதில் ஒருவர் காய் நகர்த்தும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் ஒரு காட்டிலிருந்து வெட்டவெளியைத் தாண்டி இன்னொரு காட்டுக்குள் ஒரு டாங்கிப் பிரிவு ஓடிப் புகுந்துகொண்டாலும் யாரும் சுட முடியாது. விளையாடியவர்கள் இதற்கு ‘பான்சர்புஷ்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். 1995இல் கேரி கிரிக்ஸ்பியின் ‘ஸ்டீல் பாந்தர்ஸ்’ கணினித் திரையில் அதே அறுகோணங்களோடு வந்தது. குறுக்கே ஓடுபவரைச் சுடும் வசதி அதில் இருந்தது. ஆனாலும் ‘உன் முறை, என் முறை’ என்ற வழக்கம் போகவில்லை.

2000இல் வந்த ‘காம்பாட் மிஷன்: பியாண்ட் ஓவர்லார்ட்’ அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. சார்லஸ் மொய்லன், ஸ்டீவ் கிராமண்ட் இருவரின் உழைப்பு அது. 1944 ஜூன் முதல் 1945 மே வரையிலான மேற்கு ஐரோப்பா அதன் களம். இரு தரப்பும் தங்கள் டாங்கிகளுக்கும் காலாட்படைக்கும் கட்டளை கொடுத்து முடிக்க வேண்டும். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் முடித்ததும், அடுத்த அறுபது விநாடிகளில் நடப்பதை இரு தரப்புக்கும் சேர்த்தே கணினி கணக்கிடும். பிறகு அதைப் படமாக ஓட்டிப் பார்க்கலாம். நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், எந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்குள் கைவைக்க மட்டும் முடியாது.

அதன் அழகே இந்தத் தடையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி ஒன்றை வேலியோரமாக முன்னேறச் சொல்லியிருக்கிறோம். பதினைந்தாவது விநாடியில் இடப்பக்கத் தோட்டத்தில் ஏதோ அசைகிறது. திரையில் ‘டாங்கி?’ என்று கேள்விக்குறியோடு ஓர் உருவம். கொஞ்ச நேரத்தில் அதுவே ‘டைகர்?’ ஆகிறது. ஜெர்மனியின் கனரக டாங்கி அது; நமக்கு வியர்க்கிறது. ஷெர்மனோ சொன்ன வழியில் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகு உள்ளே இருப்பவர்களுக்கும் விஷயம் புரிந்து, நம்மைக் கேட்காமலே வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறார்கள். சுழல்கோபுரம் திரும்புகிறது. முதலில் யார் சுடப்போகிறார்கள் என்று தெரிவதற்குள் நிமிடம் முடிந்துவிடுகிறது. பல நேரம் அந்த டைகர் கடைசியில் சாதாரண நான்காம் ரக பான்சராக இருக்கும். நார்மண்டியில் போரிட்டவர்களுக்கும் கண்ணில் பட்டதெல்லாம் டைகராகவே தெரிந்தது என்பது அவர்கள் நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தையும் விளையாட்டுக்குள் வைத்தவர்களை ரசிக்காமல் எப்படி இருப்பது?

இரண்டாவதாக ரசிக்க வேண்டியது அதன் கணக்கு. பெரும்பாலான விளையாட்டுகளில் டாங்கிக்கு ‘உயிர்’ என்று ஒரு கோடு இருக்கும். அடிபட அடிபடக் குறையும். இதில் அப்படி எதுவும் கிடையாது. புறப்பட்ட குண்டு எந்தத் தொலைவிலிருந்து வந்தது, எந்தக் கோணத்தில் எந்த இடத்தில் பட்டது, அங்கே இரும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, துளைக்குமா தெறிக்குமா என்று முடிவாகும். இரண்டாவது பாகமான ‘பார்பரோஸா டு பெர்லின்’ 2002இல் ரஷ்யக் களத்தைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கின் ருசி இன்னும் கூடியது. சோவியத்தின் டி-34 டாங்கியின் முன்பக்கக் கவசம் 45 மில்லிமீட்டர்தான். ஆனால் நிமிர்ந்து நிற்காமல் 60 பாகை சாய்ந்திருக்கும். நேராக வரும் குண்டு அந்தச் சாய்வில் 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடக்க வேண்டும். அதே டாங்கி கொஞ்சம் இறக்கத்தில் மூக்கைக் கீழே சாய்த்து நின்றால் சாய்வு குறையும். ஏற்றத்தில் ஏறினால் கூடும். வகுப்பில் ஒட்டாத திரிகோணமிதி இங்கே தானாக ஒட்டிக்கொள்ளும்.

டைகரின் 100 மில்லிமீட்டர் முன்கவசத்தையும் 88 மில்லிமீட்டர் பீரங்கியையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் ரசிகர்கள் உலகெங்கும் உண்டு. கவசத்தின் கனம் பாதிக் கதைதான். மீதி, டாங்கிக்குள் எத்தனை பேர் என்ன வேலை செய்தார்கள் என்பதில் இருக்கிறது. 1940இல் பிரான்சின் பி1 ரக டாங்கிக்கு 60 மில்லிமீட்டர் கவசம். ஜெர்மானியரின் 37 மில்லிமீட்டர் குண்டு அதில் பட்டுத் தெறித்தது. ஸ்டோன் கிராமத்தில் பியர் பில்லோட் தலைமையில் சென்ற ஒற்றை பி1, 140 குண்டடிகள் வாங்கியும் அசராமல் ஜெர்மன் டாங்கி வரிசையைச் சிதைத்துவிட்டுத் திரும்பியது. இருந்தும் அந்தப் போரில் பிரான்ஸ் தோற்றது. பெரிய தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. டாங்கிக்குள்ளேயே இருந்த காரணம் இது: பி1இன் சுழல்கோபுரத்தில் ஒரே ஆள். கமாண்டரும் அவரே, குண்டு நிரப்புபவரும் அவரே, குறிபார்த்துச் சுடுபவரும் அவரே. எதிரே வந்த மூன்றாம் ரக பான்சரின் கோபுரத்தில் மூன்று பேர். அதன் கமாண்டருக்குச் சுற்றிலும் பார்ப்பதும் வானொலியில் பேசுவதும்தான் வேலை.

டி-34இலும் இதே குறைதான். 1941இல் அதன் கோபுரத்தில் இருவரே. கமாண்டர்தான் சுடவும் வேண்டும். பல வண்டிகளில் வானொலி இல்லை. கோபுரத்தில் மூன்று பேர் உட்கார்ந்தது 1944இல் 85 மில்லிமீட்டர் பீரங்கியோடு வந்த புதிய வடிவத்தில்தான். ‘காம்பாட் மிஷன்’ ஆடும்போது இது தானாகப் புரியும். அனுபவமில்லாத ரஷ்யக் குழுவுக்குக் கட்டளை கொடுத்தால் அது நகரத் தொடங்குவதற்குள் பொன்னான விநாடிகள் போய்விடும். மேல்மூடியைச் சாத்திக்கொண்டால் பார்வை சுருங்கும். திறந்து வைத்தால் எதிரியின் துப்பாக்கிக்குக் கமாண்டரின் தலை இலக்கு. மூடவா, திறக்கவா என்ற அந்தச் சின்னத் தயக்கம் ஒவ்வொரு நிமிடமும் வந்துகொண்டே இருக்கும்.

பார்வைதான் பலம் என்பதற்கு வரலாற்றில் எனக்குப் பிடித்த சான்று, பிரான்சின் லொரேன் பகுதியில் உள்ள அராகூர். 1944 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் மூன்றாம் படையைத் தடுக்க ஜெர்மனி புத்தம் புது பாந்தர் டாங்கிகளோடு பான்சர் பிரிகேடுகளை அனுப்பியது. எதிரே இருந்தது அமெரிக்காவின் நான்காம் கவசப் படைப்பிரிவு. பெரும்பாலும் 75 மில்லிமீட்டர் ஷெர்மன்கள். தாளில் வைத்துப் பார்த்தால் பாந்தர்தான் ஜெயிக்க வேண்டும். தொலைவிலிருந்தே ஷெர்மனைத் துளைக்கும் பீரங்கி அதற்கு. முன்பக்கத்தை ஷெர்மனின் குண்டு ஒன்றும் செய்யாது. ஆனால் செப்டம்பர் 19 காலை கடும் மூடுபனி. தொலைவிலிருந்து சுடும் வசதி போய்விட்டது. அந்தப் பிரிகேடுகளில் போதிய வேவுப் பிரிவும் இல்லை, ஆட்களுக்குப் பயிற்சியும் குறைவு. அமெரிக்கர்கள் பல வாரங்களாகச் சேர்ந்தே சண்டையிட்டு வந்தவர்கள். தரைக்கு ஏற்ப ஒதுங்கி, பக்கவாட்டில் வந்து, பாந்தரின் மெல்லிய விலாவைச் சுட்டார்கள். அவர்களின் மெல்லிய கவசம் கொண்ட ஹெல்காட் டாங்கி எதிர்ப்பு வண்டிகள் ஒரு தாழ்வில் உடலை மறைத்துப் பீரங்கியை மட்டும் நீட்டிக் காத்திருந்து வரிசையாக அடித்தன. இந்த நிலைக்கு விளையாடுபவர்கள் வட்டாரத்தில் ‘ஹல் டவுன்’ என்று பெயர்.

இருபத்தொரு ஆண்டு கழித்து நம் பஞ்சாபிலும் அதேதான் நடந்தது. 1965 செப்டம்பரில் கேம்கரண் வழியாகப் பாகிஸ்தானின் முதலாம் கவசப் படைப்பிரிவு அன்றைய நவீன பேட்டன் டாங்கிகளோடு வந்தது. இந்தியத் தரப்பில் பழைய ஷெர்மன்களும் செஞ்சுரியன்களும். இந்தியாவின் நான்காம் மலைப் படைப்பிரிவு பின்வாங்கி அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டது. வயல்களில் தண்ணீர் பாய்ச்சப்பட்டது. கரும்புக்குள் மறைந்து நின்றவர்கள் மிக அருகில் வரும்வரை பொறுத்துச் சுட்டார்கள். இந்திய வீரர் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு பேட்டன்களை வீழ்த்தி உயிரும் கொடுத்து பரம்வீர் சக்கரம் பெற்றது அங்கேதான். கைவிடப்பட்டும் உடைந்தும் கிடந்த டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்கு ‘பேட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது. ஆவடியில் டாங்கி செய்யும் நாட்டில் இருந்துகொண்டு ரஷ்யாவின் குர்ஸ்க் டாங்கிப் போரைத் தெரிந்த அளவு அசல் உத்தரைத் தெரியாத ரசிகர்கள் நம்மிடையே நிறைய. அது மாற வேண்டும்.

இந்த விளையாட்டில் குறை இல்லையா என்றால், உண்டு. அரை மணி நேரச் சண்டைக்குள் டைகர் எப்போதும் அசுரன்தான். அது ஏன் போரை ஜெயித்துத் தரவில்லை என்பது அந்த அளவில் தெரியவே தெரியாது. முதல் ரக டைகர் மொத்தம் ஏறக்குறைய 1,350; ஷெர்மன் 49,000க்கும் மேல். எரிபொருள் தீர்ந்தும், பழுதாகி இழுத்துச்செல்ல வண்டி இல்லாமலும், தங்கள் ஆட்களாலேயே தகர்க்கப்பட்ட டைகர்கள் பல. அந்தக் கதையைச் சொல்ல வேறு அளவுள்ள விளையாட்டு வேண்டும். 2010இல் வந்த கிரிக்ஸ்பியின் ‘வார் இன் தி ஈஸ்ட்’ ரயில் பாதையையும் சரக்கையும் வைத்தே அதைச் சொல்லிவிடுகிறது. பெரிய குறை இன்னொன்று. திரையில் எரியும் டாங்கிக்குள் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பது ஆட்ட மும்முரத்தில் மறந்துபோகும். புள்ளிவிவரம் மட்டும் பேசி, டாங்கிகளில் பொறித்த சின்னங்களின் பின்னால் இருந்த அரசியலை மறக்கும் ரசனை எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர் டாங்கி ஓட்டியவர்களின் நினைவுக் குறிப்பு ஒன்றையாவது படித்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. குர்ஸ்க் மாதிரிப் பெரிய சண்டையில் கைவைக்காதீர்கள். நாலைந்து டாங்கிகள், ஒரு கிராமம், அரை மணி நேரம் என்று சின்னதாக எடுங்கள். முதலில் ஒரு தரப்பில் ஆடுங்கள்; தோற்றால் நிமிடம் நிமிடமாகப் பின்னுக்கு ஓட்டி, உங்களை யார், எங்கிருந்து, எப்போது முதலில் பார்த்தார்கள் என்று தேடுங்கள். பிறகு அதே சண்டையை எதிர்த் தரப்பிலிருந்து ஆடுங்கள். வரலாற்றுப் புத்தகம் முடிவைச் சொல்லும். முடிவு தெரியாதவர் அந்த நிமிடத்தில் எதைப் பார்த்து, எதை நம்பி முடிவெடுத்தார் என்பதை இப்படி ஆடிப்பார்த்தால்தான் உணர முடியும். போர் விளையாட்டுகளில் நல்லது எது, மட்டமானது எது என்று பிரிக்க எனக்கு இந்த ஒரு அளவுகோல் போதும். வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆகி, அதன் படங்கள் இன்று பொம்மைபோலத் தெரிந்தாலும், ‘காம்பாட் மிஷன்’ அந்த அளவுகோலில் இன்னும் முதல் வரிசையில்தான் நிற்கிறது.