தொடர்மாடியிற் பிறந்த கலையும் கட்டடக்கலைக் கல்வியும்

கட்டடத்தை வரைபவர் ஒருவர். அதில் வாழ்பவர் வேறொருவர். வரைந்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கும். வாழ்ந்தவரின் கருத்துப் பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை. இலக்கியத்தில் ஆக்கியோனுக்கும் கற்போனுக்கும் இடையே நின்று தீர்ப்புக் கூறத் திறனாய்வாளன் உளன். கட்டடக்கலையிலோ அத்தீர்ப்பையும் பெரும்பாலும் அத்தொழிலைச் சார்ந்தோரே கூறிவந்துள்ளனர். குடியிருந்தோரின் தீர்ப்பே ஒரு கலையாக உருப்பெற்று, ஈற்றிற் பல்கலைக்கழகத்தின் வரைகூடத்தினுள் நுழைந்த செய்தி ஐக்கிய அமெரிக்காவின் அண்மைக்கால வரலாற்றிற் காணப்படுகின்றது. அக்கலை ஹிப்-ஹொப் எனப்படும். கட்டடக்கலைக் கல்விக்கு அது வழங்கியது யாது, வழங்கியதாகச் சொல்லப்படுவனவற்றுட் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஹிப்-ஹொப் என்பது ஒரு பாட்டுவகை மாத்திரமன்று. இசைத்தட்டுக்களைச் சுழற்றி இசை ஆக்குதல், தாளத்துக்கு இயையச் சொல்லடுக்கிப் பாடும் றாப், நிலத்திற் கையூன்றிச் சுழன்றாடும் பிரேக் நடனம், வண்ணம் பீச்சித் தீட்டும் சுவரெழுத்து என நான்கு உறுப்புக்கள் அதற்கு உண்டு என்பர். நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொது மண்டபத்திலே, 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் நடைபெற்ற ஒரு கொண்டாட்டத்தை அதன் பிறப்பாகக் கொள்வது வழக்கு. இசைத்தட்டுச் சுழற்றியவர் ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த கிளைவ் கம்பெல் என்னும் இளைஞர். கூல் ஹேர்க் என்பது அவர் பூண்ட பெயர். அக்கொண்டாட்டத்தை ஒழுங்குசெய்தவர் அவருடைய தங்கையார்.

இக்கலை பிறந்த நிலத்தின் இயல்பை அறியாமல் அதன் பொருளை அறிதல் அரிது. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே 1925இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பாரிஸ் நகரின் நடுப்பகுதியிற் பெரும்பங்கை இடித்து நீக்கி, வெட்டவெளியிடையே 18 வானளாவிகளை நிறுத்துவது அவர் கருத்து. பாரிசில் அது நிறைவேறவில்லை. ஆயினும், பழைய தெருக்களை அழித்து உயர்மாடிகளையும் அகன்ற சாலைகளையும் அமைத்தலே முன்னேற்றம் என்ற கொள்கை கடல்கடந்து பரவியது. நியூயோர்க்கின் பொதுப்பணிகளைப் பல்லாண்டு தம் கையில் வைத்திருந்த றொபேட் மோசஸ் 1948இல் தொடங்கிய குறுக்குப் புரொங்ஸ் விரைவுச்சாலை மக்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புக்களை ஊடறுத்துச் சென்றது. கிழக்கு டிறெமொன்ட் என்னும் இடத்தில் ஒரு மைல் தூரத்துக்காக மட்டும் ஏறத்தாழ 1,530 குடும்பங்களின் வீடுகள் அகற்றப்பட்டன. வசதியுள்ளோர் வெளியேறினர், வேலைகள் அருகின, 1970களிற் கட்டடங்கள் பல தீக்கிரையாயின. எஞ்சிய இளைஞரிடையே ஹிப்-ஹொப் வளர்ந்தது.

இவ்வரலாற்றைக் கட்டடக்கலைக் கல்வியோடு இணைத்துப் பேசுவோருள் மைக்கல் ஃபோர்ட் குறிப்பிடத்தக்கவர். டெற்றோயிற் நகரிற் கட்டடக்கலை பயின்ற அவர், கட்டடத்திற் குடியேறிய பின்னர் அதன் நிறைகுறைகளை மதிப்பிட்டு எழுதும் அறிக்கையே ஹிப்-ஹொப் என்கின்றார். நவீன கட்டடக்கலை எழுப்பிய குடியிருப்புக்களைப் பற்றி, அவற்றில் வாழ்ந்தோர் தாமே வழங்கிய அறிக்கை என்பது அவர் கருத்து. கூரிய கருத்து இது. கட்டடக்கலை மாணவன் வரைபடத்தையும் நிழற்படத்தையும் கொண்டே ஒரு கட்டடத்தை மதிப்பிடப் பழகியவன். மின்தூக்கி இயங்காத நாளிற் படியேறிய மூதாட்டிக்கு அக்கட்டடம் எத்தகையது என்பதை வரைபடம் கூறாது, பாட்டுக் கூறக்கூடும்.

எனினும், இக்கருத்தை முழுதும் ஒப்புக்கொள்வதற்கு ஒரு தடை உண்டு. செட்ஜ்விக் அவெனியூத் தொடர்மாடி இடிந்து பாழான கட்டடமன்று. நடுத்தர வருவாயினர் தாங்கக்கூடிய வாடகையில் வீடு வழங்கும் அரசாங்கத் திட்டமொன்றின் கீழ் வந்த நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட மாடி அது. கொண்டாட்டம் நிகழ்ந்த பொது மண்டபமும் குடியிருப்போர் கூடுதற்கென்று திட்டமிட்டோர் ஒதுக்கிய இடமே. ஹிப்-ஹொப்பின் தொடக்க காலக் கூட்டங்கள் பல நிகழ்ந்த புரொங்ஸ் றிவர் வீடமைப்பின் சமூக மண்டபமும் அத்தகையதே. ஆகவே நவீன கட்டடக்கலையின் மீது வாழ்ந்தோர் சாட்டிய குற்றப்பத்திரிகை என இக்கலையைக் கூறுவது பாதி உண்மையே. அக்கட்டடக்கலை அரிதாக வழங்கிய நன்மையொன்றை, வழங்கியவரே எண்ணியிராத வகையிற் பயன்கொண்டமை மற்றைப் பாதி.

இம்மற்றைப் பாதியே கல்விக்கு வேண்டியது. ஹேர்க் கையாண்ட முறையை நோக்குக. ஓர் இசைத்தட்டிற் பாட்டு ஓய்ந்து தாளம் மாத்திரம் ஒலிக்கும் சில நொடிகளே ஆடுவோரை மிகக் கவர்ந்தன. ஒரே இசைத்தட்டின் இரு படிகளை அருகருகே வைத்து, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனைத் தொடக்கி, சில நொடிகளைச் சில நிமிடங்களாக நீட்டினார். தட்டில் அவர் எதனையும் மாற்றவில்லை. தட்டைப் பயன்படுத்தும் முறையையே மாற்றினார். மண்டபத்திலும் ஒரு சுவரேனும் இடம்பெயரவில்லை. ஆயினும் அன்றிரவு அது வேறோர் இடமாயிற்று. கட்டடக்கலை அறிஞர் கிறெய்க் வில்கின்ஸ் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கட்டடக்கலைக் கல்வி இதழொன்றில் எழுதிய கட்டுரையிலே, ஹிப்-ஹொப்பில் இடம் என்பது சுவர்களால் அடைக்கப்பட்ட பொருளன்று, மக்களின் செயலால் ஆக்கப்படுவது என்ற கருத்தை நிலைநாட்ட முயன்றார். பயன்பாடும் ஒருவகைப் படைப்பே என்பது இதன் பொருள்.

வில்கின்ஸின் கட்டுரைக்குப் பின் இத்துறைக்கு ஓர் ஒழுங்கை அளித்தவர் செக்கு குக். ஜமேக்காவிற் பிறந்து, கோர்னெல், ஹாவாட் பல்கலைக்கழகங்களிற் பயின்ற அவர், கட்டடக்கலையை ஹிப்-ஹொப்பின் ஐந்தாம் தூணாகக் கொள்ளவேண்டும் என 2014இல் எழுதினார். 2015இற் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வரங்கைக் கூட்டினார். 2018இல் நியூயோர்க்கிற் கண்காட்சியொன்றை அமைத்தார். 2021இல் இப்பொருள் பற்றிய நூலை வெளியிட்டார். செய்வோர் யார், செய்யும் முறை யாது, தோற்றம் எத்தகையது என மூன்று நோக்கில் அவர் இதனை வகுக்கின்றார். அம்முறையே மதிப்பிடுதல் பொருந்தும்.

முதலில் தோற்றம். சுவரெழுத்தின் வளைவுகளையும் முனைகளையும் கட்டட முகப்பில் ஏற்றுதல், பிரேக் நடனத்தின் முறிவுகளைச் சுவர்களின் கோணங்களாக்குதல் என்பன மாணவர் ஆக்கங்களில் எளிதில் நிகழ்வன. கண்ணைக் கவர்வனவும் இவையே. ஆயினும் மிக வலுக்குறைந்தனவும் இவையே. சுவரெழுத்து உரிமையின்றி எழுதப்பட்டமையால் உயிர் பெற்றது. உரிமையாளர் பணங்கொடுத்து வரைவிக்கும்போது அது வெறும் அணியாகின்றது. கருத்தின்றி ஓசையை மாத்திரம் பின்பற்றிய செய்யுளுக்கு நேரும் குறை இதற்கும் நேரும்.

அடுத்தது செய்வோர். ஐக்கிய அமெரிக்காவில் உரிமம் பெற்ற கட்டடக்கலைஞருள் ஆபிரிக்க அமெரிக்கர் நூற்றுக்கு இருவர் அளவினரே. மக்கட்டொகையில் அவர்கள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவினர். 1968இற் கட்டடக்கலைஞர் சங்கத்தின் மாநாட்டில் உரையாற்றிய குடியுரிமைத் தலைவர் விற்னி யங், நகரங்களின் துயர் கண்டும் அத்தொழிலினர் வாளாவிருந்தமையை நேர்நின்று கண்டித்தார். அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இவ்விகிதம் பெரிதும் உயர்ந்திலது. ஃபோர்ட் 2017இல் மடிசன் நகரில் தொடக்கிய ஹிப்-ஹொப் கட்டடக்கலை முகாம்கள் இக்குறையை நீக்கும் நோக்கின. பாடசாலைச் சிறுவர் றாப் பாடல்களின் சொல்லமைதியையும் தாளத்தையும் ஆராய்ந்து, அவற்றைக் கட்டைகளாக அடுக்கிப் பார்த்து, பின்னர் கணினியில் மாதிரியுரு அமைக்கின்றனர். எதுகையைக் கட்டையாக மாற்றுவதனாற் கட்டடக்கலை விளங்கிவிடாது என்று கூறலாம், அது உண்மையே. ஆனால் தன் தெருவைப் பற்றித் தான் அறிந்தது அறிவே என்று ஒரு சிறுவனுக்கு உணர்த்துதல் சிறிய செயலன்று. கட்டை அடுக்கும் பகுதியினும் பாட்டைத் தன் ஊரின் சான்றாகக் கொண்டு படிக்கும் பகுதியே அம்முகாமின் சிறப்பு எனல் தகும்.

மூன்றாவது செய்யும் முறை. பழைய இசைத்தட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதிய ஆக்கத்துட் பொருத்தும் எடுத்தாளுகை ஹிப்-ஹொப்பின் உயிர்நிலை. வடிவமைப்புப் பயிலும் மாணவனுக்கு இது இடர் மிக்க வினாவை எழுப்புகின்றது: எடுத்தாளுதல் எங்கே முடிகின்றது, களவு எங்கே தொடங்குகின்றது? சிக்காக்கோவில் மீஸ் வான் டெர் றோ திட்டமிட்ட இல்லினோய் தொழினுட்ப நிலையத்திற் கட்டடக்கலை பயின்று, பின்னர் ஆடை வடிவமைப்பிற் புகழ்பெற்ற வேர்ஜில் அப்லோ 2017இல் ஹாவாட் வடிவமைப்புக் கல்லூரி மாணவர்க்கு உரையாற்றினார். முன்னுள்ள பொருளொன்றை நூற்றுக்கு மூன்று பங்கு மாற்றினாற் போதும் என்ற தம் கொள்கையை அங்கு விளக்கினார். அவர் 2021இற் காலமான பின்னரும் வடிவமைப்பு மாணவரிடையே இக்கொள்கை பேசப்படுகின்றது.

இது மாணவரின் அச்சத்தைப் போக்குவது; ஆயினும் அளவுகோலாகாது. ஹேர்க் தம் தட்டில் நூற்றுக்கு ஒரு பங்கும் மாற்றவில்லை. ஆயினும் புதிய கலை பிறந்தது. நூற்றுக்கு முப்பது பங்கு மாற்றியும் புதுமை யாதும் தராத ஆக்கங்கள் உண்டு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனத் தமிழிலக்கணம் வகுத்த பாகுபாடு இங்குப் பயன்படும். முன்னோன் முடிபைத் தழுவியும், பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்ப்பதே வழிநூல். மாற்றத்தின் அளவை அவ்விலக்கணம் எண்ணாற் கூறவில்லை. அவ்வாறாயின் ஏன் வேறுபடுத்தினான் என்பதே எஞ்சும் வினா. வரைகூடத்து ஆசிரியரும் மாணவனிடம் வினவவேண்டியது இதுவே. றாப் பாடகர் ஐஸ் கியூப் 1987இற் கட்டடப் படம் வரைதல் பயிலச் சென்றவர். 2011இல் ஒரு குறும்படத்திலே, 1949இல் ஈம்ஸ் தம்பதியர் அமைத்த வீட்டைப் புகழ்ந்து பேசினார். தொழிற்சாலையில் ஆயத்தமாகக் கிடைத்த உறுப்புக்களைக் கொண்டே அவ்வீடு எழுந்தது. இசையில் எடுத்தாளுதல் தோன்றுமுன்னரே அவர்கள் கட்டடத்தில் அதனைச் செய்தனர் என்பது அவர் கருத்து. பொருள்கள் பழையன; சேர்க்கையும் அதன் காரணமும் புதியன.

இம்மூன்றும் நன்கு இயைந்த ஆக்கத்துக்குச் சான்றாக அமண்டா வில்லியம்ஸ் சிக்காக்கோவில் 2014 தொடக்கம் 2016 வரை செய்த பணியைக் காட்டலாம். அது ஹிப்-ஹொப் என்ற பெயரோடு எழுந்ததன்று. ஆயினும் அதே நெறியைச் சார்ந்தது. கோர்னெலிற் கட்டடக்கலை பயின்ற அவர், இடிக்கப்படவிருந்த எட்டு வீடுகளுக்கு முழுதும் ஒற்றை வண்ணம் பூசினார். வண்ணக் கொள்கையைக் கல்லூரி நூல்களிலிருந்து எடுக்காது, அப்பகுதிக் கறுப்பின மக்கள் நாடோறும் வாங்கும் பண்டங்களின் உறைகளிலிருந்து எடுத்தார். எந்த வண்ணம் அழகு என்ற வினா, யாருடைய கண்ணுக்கு என்ற வினாவாக மாறியது.

இக்கல்வியை எதிர்ப்போர் கூறுவனவும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. றாப் பாடல்கள் பலவற்றிற் பெண்களை இழித்துரைத்தலும் வன்முறையைப் புகழ்தலும் உள என்பர். உண்மையே; அவற்றை மறைத்துக் கற்பித்தல் நேர்மையாகாது. பாட்டைச் சான்றாகக் கொள்ளும் வகுப்பு, சான்று கூறுவோனின் குற்றத்தையும் ஆராயவேண்டும். தெருக்கலையைப் பல்கலைக்கழகம் தழுவிக்கொண்டால் அது தன் வலுவை இழந்துவிடும் என்பது வேறொரு தடை. இதற்குச் செட்ஜ்விக் அவெனியூவின் பிற்கால வரலாறே விடை பகர்கின்றது. 2007 அளவில் அத்தொடர்மாடியை வாடகைக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து விலக்க உரிமையாளர் முற்பட்டபோது, குடியிருந்தோர் அக்கட்டடம் ஹிப்-ஹொப்பின் பிறப்பிடம் என்பதையே தம் வாதமாக எடுத்துரைத்துப் போராடினர். கலையின் புகழ் அவர்களுக்கு அலங்காரமன்று. தம் வீட்டைக் காக்கும் கருவி. புகழைத் தேடித் தந்த கட்டடத்திலேயே வாடகை கட்ட இயலாது மக்கள் வெளியேற நேரின், அக்கலையைப் பற்றிய கண்காட்சிகளாலும் பாடத்திட்டங்களாலும் அவர்கள் பெறும் பயன் யாது?

எனவே ஹிப்-ஹொப் கட்டடக்கலைக் கல்விக்கு வழங்கிய கொடை புதிய வடிவங்களன்று. வடிவங்கள் பத்தாண்டிற் பழையனவாகும். வரைபவன் முடித்துவிட்டுச் சென்ற இடத்திலிருந்தே வாழ்பவனின் ஆக்கம் தொடங்குகின்றது என்பதே அக்கொடை. அதனை ஏற்கும் கல்லூரி, மாணவனை வரைகூடத்திலிருந்து ஒருமுறையேனும் தொடர்மாடியின் படிகளில் ஏறச் செய்யும். அங்குள்ளோர் பொது மண்டபத்தை எதற்குப் பயன்படுத்துகின்றனர் என வினவச் செய்யும். பின்னரே எழுதுகோலை அவன் கையிற் கொடுக்கும். அவ்வாறன்றிச் சுவரெழுத்தை முகப்பில் ஒட்டி நிறைவு கொள்ளும் கல்லூரி, பாட்டின் மெட்டை மட்டும் கேட்டுப் பொருளைக் கேளாது விட்டதாகும்.