கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

யாருடைய கணக்கு நோட்டு கையில் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன். முன்பக்கங்கள் ஆசிரியருக்காக எழுதியவை. பிரவுன் அட்டை, லேபிள், சிவப்பு மார்ஜின், வினா, தீர்வு, விடையைச் சுற்றி ஒரு கட்டம். கரும்பலகையில் இருந்தது கண் வழியாக வந்து கை வழியாக இறங்கியிருக்கும்; நடுவில் தலைக்குள் போயிருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடைசிப் பக்கங்களில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆள். பாதியில் நின்ற பெருக்கல், எங்கோ போய் முட்டும் அம்புக்குறி, ‘இங்க ஏன் மைனஸ்?’ என்று தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி, அதன் கீழே வேறு மையில் பிறகொரு நாள் எழுதிய பதில். நல்ல கணக்குக் குறிப்பு பிறக்கிற இடம் அதுதான். ஃபேர் நோட்டுக்கு மதிப்பெண் போடுகிற நம் பள்ளிக்கூடங்கள் ரஃப் நோட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

மற்ற பாடங்களில் குறிப்பெடுப்பது என்றால் சுருக்குவது. வரலாற்றில் ஐந்து பக்கத்தை அரைப் பக்கமாக்கலாம், குடிமுழுகிவிடாது. கணக்குப் புத்தகமோ ஏற்கெனவே சுருங்கிய பொருள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நாலைந்து வரிகள் காணாமல் போயிருக்கும். அவை இருந்த இடத்தில் ‘எனவே’ என்ற ஒரே சொல் நின்றுகொண்டிருக்கும். ஆகவே கணக்குக்குக் குறிப்பெழுதுகிறவர் இரண்டு வேலை செய்கிறார். தெரிந்ததையெல்லாம் தயவில்லாமல் தள்ளிவிடுகிறார். தான் இடறிய அந்த ஒரு ‘எனவே’யை மட்டும் பிரித்து விரித்துப் போடுகிறார். எதை விடுவது, எதை விரிப்பது என்பதில்தான் இந்தக் கலையின் ருசி இருக்கிறது. இடறுகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் உண்மையான நோட்டுகள் இரண்டு ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்றுபோல இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்கிறது.

பத்தாம் வகுப்பு அளவியலை எடுத்துக்கொள்வோம். இந்தப் பாடத்துக்குக் குறிப்பு என்றாலே பலரும் போடுவது ஓர் அட்டவணை. இடப்பக்கம் உருளை, கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம். மேலே வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு, கன அளவு. கட்டத்துக்குக் கட்டம் சூத்திரம். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அச்சில் கிடைப்பதைக் கையால் இன்னொரு முறை அச்சடித்த வேலைதான் அது. உள்ளீடற்ற அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்புக்கு வெளி ஆரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, உள் ஆரத்தின் வர்க்கத்தை அப்படியே கூட்டி, பையால் பெருக்க வேண்டும். ஒன்றுக்கு ஏன் மூன்று, மற்றதற்கு ஏன் ஒன்று? அட்டவணையை மனப்பாடம் செய்தவர் தேர்வறையில் அந்த மூன்றை எந்த ஆரத்தின் தலையில் கட்டுவது என்று தவிப்பார்.

நான் பார்த்த ஒரு மாணவியின் நோட்டில் இந்தச் சூத்திரமே இல்லை. ஒரு கிண்ணம் வரைந்து மூன்று அம்பு போட்டிருந்தார். ‘வெளியே 2. உள்ளே 2. விளிம்பு: பெரிசு கழித்தல் சிறிசு.’ அவ்வளவுதான். வெளி வட்டம் இரண்டோடு விளிம்பின் ஒன்று சேர்ந்து மூன்றாகிறது. உள் வட்டம் இரண்டில் விளிம்பு ஒன்றைப் பறித்துக்கொள்ள மீதி ஒன்று. கிண்ணத்தின் விளிம்பை மனத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தவருக்குச் சூத்திரம் மறந்தாலும் அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். அடுத்த பக்கத்தில் இடைக்கண்டத்தின் கன அளவு. மூன்று உறுப்புகள் கொண்ட நீளமான கோவை. அதன் ஓரத்தில் பென்சிலில் இரண்டே வரி: ‘சின்ன ஆரம் 0 என்றால் கூம்பு. இரண்டு ஆரமும் சமம் என்றால் உருளை.’ எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம்போல இருந்தது. அட்டவணையின் மூன்று கட்டங்கள் ஒன்றாகிவிட்டன. சூத்திரம் சரியாக நினைவிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

முக்கோணவியல் மதிப்புகளுக்கு இப்படியொரு சுருக்கம் வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 0, 30, 45, 60, 90 பாகைகளுக்கு சைன் மதிப்பு வேண்டுமா? √0, √1, √2, √3, √4 என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் 2ஆல் வகுத்தால் போதும். காஸுக்கு அதையே பின்னாலிருந்து படிக்க வேண்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் ரசனையில் இது இரண்டாம் தரம். வரிசை நினைவில் நிற்கிறது, காரணம் நிற்பதில்லை. சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டிய ஒரு படமும், சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டிய ஒரு படமும் பக்கத்தில் இருந்தால் முதல் தரம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தால் குறிப்பின் வேலையே மாறுகிறது. நேர்மாறு முக்கோணவியல் சார்புகளில் சூத்திரம் யாரையும் கவிழ்ப்பதில்லை, எல்லைதான் கவிழ்க்கிறது. 120 பாகைக்கு சைன் கண்டு, கிடைத்ததற்கு நேர்மாறு சைன் கண்டால் என்ன வரும்? கை தானாக 120 என்று எழுதும். விடை 60. நேர்மாறு சைன் திருப்பித் தரும் முதன்மை மதிப்பு −90 முதல் 90 வரைக்குள்தான் இருக்க வேண்டும். காஸுக்கு 0 முதல் 180. ஒரு நோட்டில் பக்கத்தின் தலையில் இந்த இரண்டு எல்லைகளையும் தடித்த கோடாக வரைந்துவிட்டு, கீழே ஒவ்வொரு கணக்கின் ஓரத்திலும் ‘வேலிக்குள்ளா?’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கைடிலும் இல்லாத சொல். தனக்கென்று தானே வைத்துக்கொண்ட எச்சரிக்கை. வரையறையை வார்த்தை பிசகாமல் எழுதிவைத்த பத்து வரியைவிட இந்த ஒரு சொல் கூடுதல் மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும்.

கணக்குக் குறிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கும்பகோணத்துக்குப் போகாமல் முடியாது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் லண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார்செய்து வந்த ஆசிரியர். இன்றைய பேச்சில் சொன்னால் டியூஷன் வாத்தியார். பாடம் நடத்துவதற்காகத் திரட்டியவற்றை 1880களில் பெரிய நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகள் எண் போட்டு அடுக்கப்பட்ட நூல். நிரூபணம் என்று பார்த்தால் பல இடங்களில் முந்தைய எண் ஒன்றைச் சுட்டும் குறிப்புதான் இருக்கும். பெரிய கணித நூல் என்று அதை யாரும் கொண்டாடியதில்லை. சாரத்தில் அது ஒரு ரிவிஷன் நோட்ஸ். அது 1903 வாக்கில் கும்பகோணத்தில் பள்ளி மாணவரான ராமானுஜன் கையில் கிடைத்தது. காணாமல் போன வரிகளையெல்லாம் அவர் தானே போட்டுப் பார்த்தார். விடுபட்டது கொஞ்சமாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு அத்தனை வேலை கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு அவரே எழுதத் தொடங்கிய நோட்டுகளும் அதே அச்சில் வார்த்தவை. காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாது. வழியெல்லாம் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். முதல் நோட்டைத் திருத்திப் பெருக்கி இரண்டாவதில் எழுதினார். 1957இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அவர் கையெழுத்திலேயே படி எடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அந்தப் பக்கங்களைப் பார்ப்பது தனி அனுபவம். விளக்கம் கிடையாது, தயக்கம் கிடையாது, அடித்தல்கூட அபூர்வம். ஆனால் அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் ஒவ்வொரு முடிவுக்கும் வழி காட்ட 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட வேண்டியிருந்தது. எழுதியவர் மூடிய கண்ணோடு திரும்பப் போய்வரக்கூடிய வழி மற்றவர்களுக்கு ஐந்து தொகுதி நீளம். முடிவை மட்டும் எழுதிவைப்பதை நம் பிள்ளைகள் அவரிடமிருந்து கற்கக் கூடாது. சூத்திர அட்டவணை போடுகிறவர்கள் சிலேட்டை விட்டுவிட்டு நோட்டை மட்டும் காப்பியடிக்கிறார்கள்.

நோட்டின் அமைப்பில் நான் மிகவும் மதிப்பது இடப்பக்கத்துக் குறுகலான பத்தியை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் 1950களில் சொல்லிக்கொடுத்த முறை இது. பக்கத்தை நெடுக்காகப் பிரித்து, அகலமான வலப்பக்கத்தில் பாடக் குறிப்பையும், ஒடுக்கமான இடப்பக்கத்தில் அதைத் தூண்டும் கேள்வியையும் எழுத வேண்டும். படிக்கும்போது வலப்பக்கத்தை மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். விரிவுரை கேட்பவர்களுக்காகப் பிறந்த முறை. கணக்குக்கு வந்ததும் அதற்கு இன்னொரு பயன் கிடைத்துவிட்டது. புத்தகத்தில் ‘பயிற்சி 6.2’ என்று தலைப்பிட்டு அதன் கீழே கணக்குகள் இருப்பதால், எந்த வழியில் போவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பொதுத்தேர்வு வினாத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. எல்லாக் கணக்கையும் போடத் தெரிந்த பிள்ளைகள் ‘எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல சார்’ என்று நிற்பது இதனால்தான்.

எனவே இடப்பக்கப் பத்தியில் இருக்க வேண்டியது வினாவின் முகஜாடை. ‘குறைந்தது ஒன்று’ என்று கண்டால், ஒன்றுமே வராததன் நிகழ்தகவை 1இலிருந்து கழி. ‘இறக்கக்கோணம்’ என்றால், முதலில் கண்மட்டத்தில் கிடைக்கோடு போடு. ‘மூலங்கள் சமம்’ என்றால் தன்மைகாட்டி சுழி. ‘ஒரே கோட்டில் அமையும் புள்ளிகள்’ என்றால் முக்கோணத்தின் பரப்பு சுழி. இப்படி நாற்பது ஐம்பது வரி சேர்ந்தால் பத்தாம் வகுப்பே அதில் அடங்கும். மூடிக்கொண்டு சொல்லிப்பார்ப்பதன் பலத்தை ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் உரைநடைப் பகுதிகளை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பல வண்ண ஹைலைட்டர்களால் பூசி மெழுகிய நோட்டுகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததன் காரணமும் இதுவே. அவை பார்க்கச் சொல்கின்றன. கணக்கு நோட்டு மூடச் சொல்ல வேண்டும்.

தப்புகளை வைத்திருக்கும் விதத்திலும் தரம் தெரியும். வொயிட்னர் பூசி மறைத்திருந்தால் அந்தப் பக்கம் எனக்குச் செத்த பக்கம். தவறான வரியின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கும்படி, ஓரத்தில் காரணம்: ‘இருபுறமும் வர்க்கம் எடுத்தேன், வந்த மூலத்தைச் சரிபார்க்கவில்லை.’ இதுபோதும். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது காரணமாகாது. எங்கே கவனம் குறைந்தது என்று எழுதினால்தான் அடுத்த முறை கண் அங்கே போகும்.

மாநில அளவில் மதிப்பெண் வாங்கியவரின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இப்போது அது போனில் புகைப்படமாக வலம்வருகிறது. படிக்கலாம், தவறில்லை, ரசிக்கவும் செய்யலாம். ஆனால் அதில் இருப்பவை அவர் இடறிய இடங்கள். அவருக்கு எளிதென்று விட்டுப்போனது உங்களுக்குப் பள்ளமாக இருக்கலாம்.

திருப்புதல் தேர்வுகள் வர வர நோட்டு மெலிய வேண்டும். காலாண்டுக்கு எழுதியதில் அரையாண்டுக்குள் பாதி பழகிப்போயிருக்கும். பழகியதை மறுபடி எழுதாமல் மீதியை மட்டும் புதிய தாளில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு பாடத்துக்கு ஒரு தாள், பிறகு எல்லாவற்றுக்கும் நாலைந்து தாள் என்று நிற்கும். இந்த மெலிதல் நடக்காத நோட்டு, எவ்வளவு தடியாக இருந்தாலும், வருடம் முழுக்க ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. புள்ளியியல் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஆரம்பத்திலிருந்தே அரைத் தாள் போதும். மீதியெல்லாம் கூட்டிக் கழிக்கிற பொறுமை.

எழுதக் கடினமானது வடிவியல் குறிப்பு. தேற்றத்தின் கூற்றை எழுதிவிடலாம், படம்தான் ஏமாற்றும். அவசரத்தில் வரைகிற முக்கோணம் கைப்பழக்கத்தில் இருசமபக்கமாகவோ செங்கோணமாகவோ வந்து தொலைக்கும். பிறகு கண் அந்தப் படத்தை நம்பி, தேற்றம் சொல்லாத சமத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது என்று எத்தனையோ பேர் நம்புவதற்கு இந்தப் படங்களே பொறுப்பு. அது வெட்டுவது மற்ற இரு பக்கங்களின் விகிதத்தில். விவரம் தெரிந்த பிள்ளைகள் முக்கோணத்தை வேண்டுமென்றே கோணலாக, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் குட்டையாகப் போட்டிருப்பார்கள். அந்த அவலட்சணமான முக்கோணத்தை எங்கே கண்டாலும் அந்த நோட்டை இரவல் கேட்டுவிடுவேன்.